பரணில் கிடைத்த பிளாப்பி: அப்பா பஞ்சிங் செய்த ‘நல்வரவு’ கிளித் தோரணம்

கோலிவாடா நூல்காரி · ஞாயிறு, காலை 11.20

எல்லாருக்கும் வணக்கம். மும்பை சயான் கோலிவாடாவிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஒரு உஷா ஜனோம் மெமரி கிராஃப்ட் வைத்துக்கொண்டு பிளவுஸ், பாவாடை, தலையணை உறை என்று வேலை செய்கிறேன்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் தகர டப்பா கிடைத்தது. உள்ளே ஏழு பிளாப்பி, ஒரு நூல் ஷேடு கார்டு, சுருட்டி வைத்த ஒரு டிரேசிங் தாள். அப்பா தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் ஒரு எம்ப்ராய்டரி யூனிட்டில் முதலில் ஆபரேட்டராக இருந்து, பிறகு பஞ்சிங் (படத்தை மெஷினுக்கான தையல் கட்டளையாக மாற்றும் வேலை) கற்றுக்கொண்டவர். யூனிட் மூடி வெகுகாலம் ஆகிறது. அப்பா போய் ஆறு வருஷம்.

2005 ஜூலை 26 வெள்ளத்தில் அப்போதிருந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர். சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்த நாள் அது. டப்பா பரணில் இருந்ததால் நனையவில்லை. ஆனால் வீடு காய மாதக்கணக்கில் ஆனது, அந்த ஈரம் டப்பாவுக்குள்ளும் போயிருக்கிறது. பிளாப்பி ஷட்டரை நகர்த்திப் பார்த்தால் வட்டில் வெள்ளையாகப் பூஞ்சை.

லாமிங்டன் ரோட்டில் ஒரு யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பூஞ்சை இல்லாத ஒரே பிளாப்பியிலிருந்து எம்ப்ராய்டரி மெஷின் படிக்கும் ஒரு டி.எஸ்.டி. ஃபைல் முழுசாக வந்தது. பெயர் ‘கிளி3’. திறந்ததும் கை நடுங்கிவிட்டது. எங்கள் வாசலில் பல வருஷம் தொங்கிய தோரணம்! நடுவில் ‘நல்வரவு’, கீழே ஒரு கொடி, இரண்டு பக்கமும் கிளி. 340 மி.மீ. அகலம், 130 மி.மீ. உயரம், 26,418 தையல்.

நிறம்தான் கன்னாபின்னா என்று வருகிறது. கிளி நீலம், எழுத்து ரோஸ். அப்புறம் வலது பக்கக் கிளிக்குக் கழுத்தில் சிவப்பு வளையமே இல்லை, இடது பக்கக் கிளிக்கு இருக்கிறது. அந்த இடத்தில் ஃபைல் கெட்டுப்போயிருக்குமோ?

சரி செய்து இங்கே எல்லாருக்கும் கொடுக்க ஆசை. கொடுக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பழைய வட்டு · ஞாயிறு, நண்பகல் 12.05

அக்கா, முதலில் ஒன்று. மற்ற ஆறையும் இனி டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை டிரைவின் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், பிறகு நல்ல பிளாப்பியையும் கீறிவிடும்.

ஷட்டரைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சுக் குச்சியால் வட்டை மெதுவாகத் துடையுங்கள். பின்பக்கம் இருக்கும் உலோக வட்டத்தை விரலால் சுற்றினால் வட்டு நகரும். இரண்டு பக்கமும் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் டிரைவ். மூலையில் இருக்கும் சின்னப் பூட்டை நகர்த்தி ஓட்டை தெரிகிற மாதிரி வையுங்கள்; அப்போது கணினி அதில் எதையும் எழுத முடியாது. ‘ஃபார்மட் செய்யட்டுமா’ என்று விண்டோஸ் கேட்டால் எந்தக் காரணத்துக்காகவும் ஆமாம் சொல்லாதீர்கள்.

ஃபைலாகக் காப்பி எடுப்பதைவிட முழு வட்டையும் பிம்பமாக எடுப்பது நல்லது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. படிக்க முடிகிற பகுதியை முதலில் எடுத்துவிட்டு, படிக்க முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் முயற்சி செய்யும்.

உங்கள் ‘கிளி3’ கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. டி.எஸ்.டி.யில் தலைப்பு 512 பைட், அதன்பின் ஒவ்வொரு தையலுக்கும் 3 பைட். 26,418ஐ மூன்றால் பெருக்கி 512 கூட்டினால் 79,766, அதாவது சுமார் 78 கே.பி. ஃபைல் அளவு அதையொட்டி வருகிறதா பாருங்கள்.

கோலிவாடா நூல்காரி · ஞாயிறு, நண்பகல் 12.31

78 கே.பி.தான் காட்டுகிறது தம்பி! அப்படியென்றால் வளையம் எங்கே போனது?

திருப்பூர் பஞ்சிங் · ஞாயிறு, மதியம் 2.10

வணக்கம் சகோதரி. பஞ்சிங் வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன்.

நிறத்துக்குக் காரணம் இதுதான். டி.எஸ்.டி. தாஜிமா மெஷினுக்கான ஃபார்மட். பிளாப்பிக்கு முன்னால் காகித நாடாவில் ஓட்டை போட்டு ஓட்டிய காலத்துப் பழக்கம் அதில் அப்படியே இருக்கிறது. ‘இங்கே நில், நூல் மாற்று’ என்று மட்டும் சொல்லும். எந்த நிறம் என்று சொல்லாது. நீங்கள் பார்க்கும் நீலமும் ரோஸும் மென்பொருள் தானாகப் போட்டது. ஆபரேட்டருக்கு நிறம் தனிச் சீட்டில் எழுதிப் போகும். அந்தச் சீட்டு டப்பாவில் இல்லையா? பழைய தோரணம் யாரிடமாவது இருந்தால் அதைப் பார்த்தும் வரிசை பிடிக்கலாம்.

எத்தனை நிற மாற்றம் வருகிறது?

கோலிவாடா நூல்காரி · ஞாயிறு, மதியம் 2.44

ஐந்து மாற்றம், ஆறு நிறம். சீட்டு இல்லை அண்ணா. எங்கள் தோரணம் வெள்ளத்தில் போய்விட்டது. அம்மாவுக்கு எழுத்து அரக்கு என்று நிச்சயமாக நினைவிருக்கிறது. கொடி பச்சை.

தானே மல்டிஹெட் · ஞாயிறு, மாலை 5.15

ஒரே டிசைனை ஒரே நேரத்தில் 12 தலையில் தைக்கும் 12 ஹெட் மெஷின் ஓட்டுகிறோம். ஃபைலைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன். கிளி உடம்பும் பச்சை, கொடியும் பச்சை என்றால் பச்சை இரண்டு தடவை வரும். கொடியை முன்னால் கொண்டுவந்து கிளி உடம்போடு சேர்த்துவிடுங்கள். ஒரு நிற மாற்றம் மிச்சம். அந்தக் காலத்துப் பஞ்சிங்கில் இந்த மாதிரி நிறைய இருக்கும், அப்போதைய வசதி அவ்வளவுதான்.

நாக்பாடா ஜிக்ஜாக் · ஞாயிறு, மாலை 6.02

அதைவிடச் சுலபம், ஒரு போட்டோ எடுத்து, மென்பொருளே பஞ்சிங் செய்யும் ஆட்டோ பஞ்சிங்கில் போட்டுவிடுங்கள். புது ஃபைலே வந்துவிடும், எந்த அளவுக்கும் மாற்றிக்கொள்ளலாம். பழைய ஃபைலோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

செம்பூர் வாசல் · ஞாயிறு, இரவு 9.40

மகளே, இந்தத் தோரணம் என்னிடம் இருக்கிறது. இத்தனை நேரம் பீரோவைக் குடைந்து இப்போதுதான் எடுத்தேன். 1999-இல் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கியது. வீடு மாறி வந்த புதிது, மராத்தி, குஜராத்தி வாசல்களுக்கு நடுவில் நம் எழுத்து ஒன்று தொங்கட்டும் என்று அவர் வாங்கிக் கொடுத்தார். இப்போது கதவுக்குக் கம்பிக் கேட் போட்டதால் மாட்ட இடமில்லை.

அரக்கு எழுத்துதான், உன் அம்மா சொன்னது சரி. அடியில் இருப்பது கிரீம் நிற வெல்வெட். கிளி உடம்பு இளம்பச்சை, சிறகு கரும்பச்சை, மூக்கும் கழுத்து வளையமும் சிவப்பு, கண் கறுப்பு. கொடி மறுபடி இளம்பச்சை.

என்னுடையதிலும் வலது பக்கக் கிளிக்கு வளையம் இல்லை. இத்தனை வருஷமாக இதை நான் கவனித்ததே இல்லை. நீ சொன்ன பிறகுதான் பார்க்கிறேன்.

நவி மும்பை பறவைநோக்கி · ஞாயிறு, இரவு 10.18

தையல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வீட்டில் அவர்கள் படித்துக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்தேன். ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்.

நம்மூர் பச்சைக்கிளியில், செந்தார்ப் பைங்கிளி என்று சொல்கிறோமே அதில், வளர்ந்த ஆணுக்கு மட்டும்தான் கழுத்தில் அந்தத் தார் இருக்கும். கறுப்பும் ரோஸும் கலந்த வளையம். பெண்ணுக்கு இருக்காது. உங்கள் அப்பா ஒரு ஜோடியைத் தைத்திருக்கிறார். ஃபைலில் எதுவும் தொலையவில்லை.

கோலிவாடா நூல்காரி · ஞாயிறு, இரவு 10.26

இதைப் படித்துவிட்டு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். ‘அவர் ஜன்னலில் உட்கார்ந்து கிளிக்கு மிளகாய்ப்பழம் வைப்பார்’ என்றார்கள். எனக்கு இது தெரியாது.

நன்றி சார். நன்றி செம்பூர் அம்மா, நிறம் எல்லாம் குறித்துக்கொண்டேன். ஆக, நான் நேற்று ஒரு கிளியைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக்கு ஒட்டி ‘சரி’ செய்து வைத்த ஃபைலை அழித்துவிடுகிறேன்.

கோலிவாடா நூல்காரி · செவ்வாய், மாலை 4.50

இரண்டு நாளாகத் தைத்துப் பார்த்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

தானே அண்ணன் சொன்னபடி கொடியை முன்னால் கொண்டுவந்தேன். என் ஹூப் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) 200க்கு 280 மி.மீ.தான், முழுத் தோரணம் அடங்காது. அதனால் எழுத்துப் பகுதியை மட்டும் கொடியோடு தைத்தேன். முதலில் பச்சைக் கொடி அழகாக வந்தது. அரக்கு நூலுக்கு மாற்றியதும் ‘ந’ முடிந்தது. அடுத்து ஊசி ‘ல்’லுக்குத் தாவாமல் கொடியின் மேலேயே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு நடந்து போனது! பச்சைக் கொடி நடுவில் அரக்குக் கோடு. ‘ல்’ முடிந்ததும் மறுபடி கொடியில் இறங்கி ‘வ’வுக்கு. கடைசி வரைக்கும் அப்படியே. துணி வீண்.

ஃபைல் கெட்டுவிட்டதோ என்று அசல் வரிசையிலேயே மறுபடி தைத்தேன். எழுத்து முதலில், கொடி கடைசியில். அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு எழுத்தின் காலும் கொடியைத் தொடுகிற மாதிரிதான் வரைந்திருக்கிறார். ஒரு எழுத்து முடிந்ததும் நூல் அந்தக் கால் வழியாகக் கீழே இறங்கி, கொடி வரப்போகும் பாதையிலேயே நடந்து, அடுத்த எழுத்தின் கால் வழியாக மேலே ஏறுகிறது. கடைசியில் பச்சை சாட்டின் தையல் வந்து அந்த நடைபாதையை மூடிவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா அந்த யூனிட்டுக்கு வீட்டிலிருந்தே தாகா கட்டிங் செய்தவர். நூல் வெட்டுவதை மும்பையில் அப்படித்தான் சொல்வோம். அந்த மெஷினில் தானாக நூல் வெட்டும் வசதி கிடையாது. தாவுகிற இடத்தில் எல்லாம் நூல் தொங்கும், ஒவ்வொன்றையும் கையால் வெட்டணும். கூலி பீசுக்குத்தான், வெட்டுக்கு இல்லை. அம்மா துணியை வாங்கித் திருப்பிப் பார்க்காமலே சொன்னார்: ‘எழுத்தில் ஒரே ஒரு வெட்டுத்தான் இருக்கும். புள்ளிக்கு.’

ஆமாம். ‘ல்’ மேல் இருக்கும் புள்ளி எதையும் தொடாமல் தனியாக நிற்கிறது, அதற்கு மட்டும் நூல் தாவ வேண்டியிருக்கிறது. ஐந்து எழுத்துக்கும் சேர்த்து அந்த ஒரு வெட்டு.

தானே மல்டிஹெட் · செவ்வாய், மாலை 5.30

என் யோசனை தப்பு, தங்கச்சி. உங்கள் துணி வீணானதற்கு வருந்துகிறேன். 12 ஹெட்டில் ஓடினால் ஒரு ஜம்ப், அதாவது ஒரு தாவல், என்பது 12 வெட்டு. இந்த ஐந்து எழுத்தையும் தனித்தனியாகத் தாவ விட்டிருந்தால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அறுபது வெட்டு ஆகியிருக்கும். ஒரு நிற மாற்றத்தை ஏற்றுக்கொண்டு அதைத் தவிர்த்திருக்கிறார். எங்கள் மெஷின் தானாக வெட்டுவதால் இப்படி யோசிக்கும் பழக்கமே எங்களுக்குப் போய்விட்டது.

திருப்பூர் பஞ்சிங் · செவ்வாய், இரவு 8.00

இதனால்தான் ஆட்டோ பஞ்சிங் வேண்டாம் என்று சொல்ல வந்தேன், ஞாயிற்றுக்கிழமை வேலையில் மாட்டிக்கொண்டேன். போட்டோவிலிருந்து உருவம் வரும். நூல் எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்ற வழி வராது. எம்ப்ராய்டரியில் டிசைன் என்பது அந்த வழிதான். ஒரே கிளியை பத்துப் பேர் பஞ்சிங் செய்தால் பத்துக் கிளி.

ஃபைலை அனுப்பினீர்களே, ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். சிறகை மட்டும் சொல்கிறேன். கீழ் இறகிலிருந்து ஆரம்பித்து ஒன்றின் மேல் ஒன்றாக, ஓடு வேய்கிற மாதிரி, கழுத்தை நோக்கிப் போகிறது. ஒவ்வொரு இறகுக்கும் தையல் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. அதனால் ஒரே கரும்பச்சை நூல்தான் என்றாலும் வெளிச்சம் ஒவ்வொரு இறகிலும் வேறு மாதிரி விழும், மூன்று பச்சை போட்ட மாதிரி தெரியும். செம்பூர் அம்மா அந்தத் தோரணத்தை ஜன்னலோரம் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள்.

அண்டர்லேயும், அதாவது மேல் தையலுக்கு முன்னால் போடும் அடித்தையலும், நன்றாகக் கவனியுங்கள் சகோதரி. எழுத்துக்கு அடியில் நெருக்கமான ஜிக்ஜாக் போட்டிருக்கிறார். வெல்வெட்டின் முடி மேலே எழும்பாமல் அமுக்குவதற்கு. நீங்கள் எதில் தைத்தீர்கள்?

கோலிவாடா நூல்காரி · செவ்வாய், இரவு 8.12

பாப்ளினில் அண்ணா. சுற்றிலும் சுருக்கம் விழுந்தது. துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கும் பேப்பர் ஒரு அடுக்குத்தான் வைத்தேன்.

திருப்பூர் பஞ்சிங் · செவ்வாய், இரவு 8.35

அதுதான். பாப்ளினுக்கு இந்த அண்டர்லே கனம். ஒன்று, அவர் நினைத்த துணியிலேயே தையுங்கள்: வெல்வெட், மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் ஒரு அடுக்கு. இல்லை, காட்டனில்தான் வேண்டுமென்றால் கனமான கேஸ்மென்ட் துணி, கீழே நான்வோவன் பேப்பர் இரண்டு அடுக்கு. ஊசி 75/11, நூல் 120 டெனியர் போதும். வாசலில் வெயில் படும், பாலியெஸ்டர் நூல் போடுங்கள். ரேயான் பளபளப்பு அழகுதான், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

ஹூப்பில் அடங்குவதற்காகச் சின்னதாக்காதீர்கள். டி.எஸ்.டி.யில் தையல் மட்டும்தான் இருக்கிறது, ‘இது ஒரு எழுத்து, இது ஒரு இறகு’ என்ற தகவல் இல்லை. பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்தால் தையல்கள் நெருக்கிக்கொண்டு நூல் அறும். 340-ஐ 280 ஆக்குவது கிட்டத்தட்ட 18 சதவீதம். இரண்டாகப் பிரிப்போம். இடது கிளி, ‘நல்’ ஒரு பாதி. ‘வரவு’, வலது கிளி மறு பாதி. கொடி இரண்டிலும் சில மில்லிமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். பொருத்துவதற்கு இரண்டு ப்ளஸ் குறி வைத்துத் தருகிறேன், தைத்து முடிந்ததும் பிரித்துவிடலாம். இணைப்பில் ஒரு வெட்டு கூடும், அதைத் தவிர்க்க வழி தெரியவில்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வழக்காடு மேசை · புதன், காலை 9.05

‘கொடுக்கலாமா’ என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் வழக்கறிஞர், மும்பைதான்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, சம்பள வேலையின் பகுதியாக ஒருவர் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிதான் முதல் உரிமையாளர். அதனால் ‘அப்பா செய்தது, ஆகவே எங்களுடையது’ என்பது சட்டத்தில் அப்படியே நிற்காது. ஆனால் 15-ஆம் பிரிவையும் பாருங்கள். டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத் தகுதியுள்ள ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல், அதைப் போட்ட பொருளை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த டிசைனில் பதிப்புரிமை முடிந்துவிடும். பதிவே செய்திருந்தாலும் 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5 வருஷம், அவ்வளவுதான். 1990-களில் மல்டிஹெட்டில் ஓடி மாட்டுங்காவில் விற்ற தோரணம் ஐம்பதைத் தாண்டியிருக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனாலும் அந்த முதலாளியோ குடும்பமோ தொடர்பில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சட்டத்துக்காக இல்லை, மரியாதைக்காக.

கோலிவாடா நூல்காரி · வியாழன், இரவு 9.15

கேட்டுவிட்டேன் சார். முதலாளியின் மகன் இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். அம்மா பழைய நம்பரைத் தேடி எடுத்துப் பேசினார். ‘தாராளமாகக் கொடுங்கள், எனக்கும் ஒன்று தைத்து அனுப்புங்கள்’ என்றார்.

திருப்பூர் அண்ணன் பிரித்துக் கொடுத்த இரண்டு பாதியும் நேற்று கிரீம் வெல்வெட்டில் தைத்தேன். இணைப்பு தெரியவில்லை. துணி புலேஷ்வரில் வாங்கியது, அங்கேயே ஓரத்துக்குக் குஞ்சமும் கிடைத்தது.

கீழே ஃபைல்களை இணைத்திருக்கிறேன். அசல் ‘கிளி3’, ஒரு தையலும் மாற்றாமல். பெரிய ஹூப்போ மல்டிஹெட்டோ இருப்பவர்கள் அதையே ஓட்டுங்கள். வீட்டு மெஷினுக்கு இரண்டு பாதிகள், டி.எஸ்.டி.யிலும் ஜெ.இ.எஃப்., பி.இ.எஸ். ஃபார்மட்களிலும், பின்னவை இரண்டிலும் நிறம் சரியாக வரும். டி.எஸ்.டி. எடுப்பவர்களுக்கு நிற வரிசை: இளம்பச்சை, கரும்பச்சை, சிவப்பு, கறுப்பு, அரக்கு, மறுபடி இளம்பச்சை. தயவுசெய்து கடைசிப் பச்சையை முன்னால் நகர்த்தாதீர்கள்.

தைத்து விற்றுக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சந்தோஷமே. ஃபைலை மட்டும் விற்காதீர்கள், கேட்பவருக்கு இப்படியே கொடுங்கள். அப்பா பெயரைப் போடச் சொல்லிச் சிலர் தனிச்செய்தியில் கேட்டீர்கள். அம்மாவுக்கு அது வேண்டாமாம். ‘தாராவியில் பஞ்சிங் செய்தது’ என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன், அதை எடுக்காமல் வையுங்கள்.

செம்பூர் வாசல் · வியாழன், இரவு 9.50

ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன் தம்பி. நீங்கள் சொன்ன மூன்று பச்சையும் தெரிகிறது. பேத்தி வந்ததும் அவளிடமும் காட்டணும்.

தாதர் புதுமுகம் · வெள்ளி, காலை 8.30

அக்கா, என் மெஷினில் 100க்கு 100 ஹூப்தான். எதுவும் செய்ய முடியாதா?

கோலிவாடா நூல்காரி · வெள்ளி, காலை 8.47

முழுத் தோரணம் முடியாதும்மா. கிளியும் 110 மி.மீ. உயரம், பத்து சதவீதம் குறைத்தால் 99. நூலிழையில் அடங்கலாம், ஆனால் மெஷின் ஓரத்தை இடித்தால் ஊசி உடையும், அதனால் அந்த ஆபத்து வேண்டாம். எழுத்தை மட்டும் ‘நல்’, ‘வரவு’ என்று இரண்டாகப் பிரித்துத் தருகிறேன், ஞாயிறு வரை பொறு.

பழைய வட்டு தம்பிக்கு: மீதி ஆறில் மூன்றைத் துடைத்துக் காயவைத்திருக்கிறேன். ஒன்றின் லேபிளில் அப்பா கையெழுத்தில் ‘கிளி1, கிளி2, மாம்பழம்’ என்று இருக்கிறது. சனிக்கிழமை டிரைவில் போடுகிறேன், பூட்டைத் திறந்து வைத்துத்தான்.